குரக்கன் மோல்ட் பாணி: 66 பாகையில் பிடித்து வைத்தல்

பியர் வடிக்கும் வேலையின் முதல் பாதியில் மது கிடையாது. முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மோல்டை, உடைத்துச் சூடான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். தானியத்தில் இருக்கும் மாப்பொருள் அதற்குள் சீனியாக மாறிவிடும். அந்த இனிப்புச் சாற்றை வடித்துக் காய்ச்சி ஆறவைத்து, ஈஸ்ட் போட்ட பிறகுதான் அது பியராகத் தொடங்குகிறது. ஊறவைக்கும் கட்டத்துக்கு மாஷ் என்று பெயர். இலங்கையில் உரிமம் இல்லாமல் வீட்டில் பியர் வடிப்பது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். எனக்கு அந்த இரண்டாம் பாதி தேவையும் இல்லை. ஈஸ்ட் போடாமல் சாற்றை அப்படியே வற்றக் காய்ச்சினால் மோல்ட் பாணி, அதாவது தேன்போன்ற இனிப்புப் பாகு, கிடைக்கும். பாணுக்குத் தடவலாம், தயிரில் ஊற்றலாம், சுடுபாலில் கலக்கலாம். நல்ல கித்துள் பாணி விற்கிற விலையைப் பார்த்தால் இது மோசமான மாற்று இல்லை.

ஆகவே இது முதல் பாதியைப் பற்றிய பதிவு. அதிலும் பெரும்பகுதி வெப்பநிலையைப் பற்றியது, ஏனென்றால் அந்த ஒரு மணி நேரத்தில் நம் கையில் இருப்பது அது மட்டும்தான். மற்ற வேலையெல்லாம் நொதியங்களுடையது, அதாவது தானியத்துக்குள் இருந்து மாப்பொருளை வெட்டும் என்சைம்களுடையது. மோல்ட் சாற்றுக்குள் மாப்பொருளைக் கரைக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டு, அதைப் பிரித்தெடுத்து டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தவர்கள் பாயன், பெர்சோ என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள். அது 1833இல். அந்த ஒன்றுக்குள் இரண்டு முக்கியமான ஆட்கள் இருப்பது பின்னால் தெரியவந்தது. பீற்றா அமிலேசு மாப்பொருள் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டாக வெட்டி மோல்ற்றோஸ் என்ற சீனியைத் தரும். அதற்கு 60 முதல் 65 பாகை வரை பிடிக்கும், 70ஐத் தொட்டால் சில நிமிடங்களில் செத்துவிடும். அல்பா அமிலேசு சங்கிலியைக் கண்ட இடத்தில் வெட்டும். அது 70ஐ ஒட்டிய சூட்டில் சுறுசுறுப்பாக இருக்கும், 78 அளவில்தான் ஓயும். வடிப்பவர்கள் இரண்டையும் சமாளிக்க 65க்கும் 68க்கும் இடையில் நிற்பார்கள். கீழே போனால் சாறு இனிப்பாகவும் மெல்லியதாகவும் வரும், மேலே போனால் இனிப்புக் குறைந்து தடிப்பாக வரும். மூன்று பாகைக்குள் எல்லாம் அடக்கம். அடுப்படியில் மூன்று பாகை என்பது ஒன்றுமே இல்லாத அளவு.

பார்லி பக்கம் நான் போகவில்லை. கொழும்புக் கடைகளில் கஞ்சிக்கு விற்கிற பார்லி தீட்டியது, முளை போயிருக்கும், எவ்வளவு ஊறினாலும் முளைக்காது. குரக்கன் (கேழ்வரகு) அப்படி இல்லை. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் முழுத் தானியமாகவே கிடைக்கிறது. இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, ஈரத்துணியில் கட்டி வைத்தால் இங்குள்ள வெக்கையில் மறுநாளே முளை எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று நாளில் வேர் தானியத்தின் நீளத்தைவிட அதிகமாகிவிடும். அந்த நிலையில் நிறுத்தி உலர்த்தவேண்டும். சிறுதானியங்களுக்குள் குரக்கன் மோல்டில் அமிலேசு நன்றாகவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு முளைகட்டிய குரக்கன் மாவில் கூழ் காய்ச்சிக் கொடுக்கும் வழக்கமும் அதனால்தான் அர்த்தமுள்ளது. அந்தக் கூழ் சாதாரண மாக்கூழைவிட இளக்கமாக இருக்கும், பிள்ளைக்கு விழுங்க லேசு, சத்தும் கூடுதலாகப் போடலாம்.

முதலில் வெப்பமானிகள். வீட்டில் இருந்த இறைச்சி குத்துகிற முள் வெப்பமானி, கடிகார முகம் வைத்த ஒன்று, புதிதாக வாங்கிய டிஜிட்டல் ஒன்று, மூன்றையும் ஒரே பாத்திரத்தில் விட்டால் மூன்றும் மூன்று கதை சொல்லின. கடிகார முகம் வைத்தது நான்கு பாகை கூட்டிக் காட்டியது. நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்த குவளையில் எல்லாமே பூச்சியம் காட்டவேண்டும். கொதிக்கிற தண்ணீரில் 100 காட்டவேண்டும். கொழும்பில் இருப்பதன் வசதி இது: கடல் மட்டம், கொதிநிலையில் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. நுவரெலியாவில் இருப்பவர் இதே சோதனையைச் செய்தால் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், வெப்பமானி பழுது என்று தூக்கி எறியக்கூடாது. ஒன்று மட்டும் கவனம். ஐஸில் சரியாக இருக்கிற வெப்பமானி 66இலும் சரியாக இருக்கும் என்று நம்பவேண்டாம். இரண்டு முனையிலும் சோதித்து, நடுவில் எவ்வளவு பிசகும் என்று பார்த்து எழுதி அதன்மேல் ஒட்டிவிடுவது நல்லது.

அடுத்தது கட்டுப்படுத்துவது. முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் சாமான் விற்கும் கடையில் எஸ்.டி.சி. 1000 வகை வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கினேன். முன்னால் சிவப்பு எண்கள், பின்னால் திருகு முனைகள், கறுப்பு வயரின் நுனியில் ஒரு சென்சர். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார்.

“பாணி காய்ச்ச, நானா.”

“பாணி காய்ச்சவா? தம்பி, இது முட்டை பொரிக்கிற பெட்டிக்குத்தான் ஆக்கள் வாங்குற.”

முட்டை குஞ்சு பொரிக்க 37.5 பாகை, எனக்கு 66. பெட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். வாங்கும்போது 230 வோல்ற்று வகைதானா என்று பின்பக்க ஒட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள், 12 வோல்ற்று, 110 வோல்ற்று வகைகளும் அதே முகத்தோடு வருகின்றன. உள்ளே சூடாக்க ஒரு ரிலே, அதாவது கரண்டைத் தானே கொடுத்து வெட்டும் சுவிட்ச், குளிராக்க இன்னொன்று. 10 அம்பியர் என்று எழுதியிருக்கும். நான் பாதிக்குமேல் அதை நம்பமாட்டேன். 1000 வாற்று என்றால் நாலரை அம்பியருக்குள் முடிந்துவிடும், அது போதும். எஃப்4 என்ற அமைப்பில் சென்சரின் பிசகைத் திருத்தலாம், ஐஸ் சோதனையில் கண்டதை அங்கே போட்டுவிடலாம்.

எதைச் சூடாக்குவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்டக்ஷன் அடுப்பு இதற்குச் சரிவராது. ரிலே கரண்டை வெட்டி மறுபடி கொடுத்தால் தொடு பொத்தான் வைத்த அடுப்பு தானாக எழும்பாது, யாராவது பொத்தானை அழுத்தவேண்டும். பழைய மாதிரி ரைஸ் குக்கர்தான் தோது. அதன் நெம்பைக் கீழே தள்ளிவிட்டால், 100ஐத் தாண்டி அடிப்பக்கம் வரளும்வரைக்கும் காந்தம் அதைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் வந்து போய் வந்தாலும் நெம்பு அப்படியே நிற்கும். ஆகவே குக்கரைப் பிரிக்கவே தேவையில்லை, பிளக்கைக் கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாக விட்டால் சரி. பெட்டியை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, வயர் நுழையும் துளைகளில் பிடிப்பான் போட்டு, எர்த் வயரை அறுக்காமல் கொண்டுபோய், ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் மட்டும் செருகுங்கள். தண்ணீரும் 230 வோல்ற்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வேலை இது. சென்சரின் கறுப்பு உறை சாப்பாட்டுக்குள் போடுவதற்கானதில்லை. ஒரு முனை மூடிய எவர்சில்வர் குழாய்க்குள் அதை இறக்கி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டால் வெப்பமும் ஒழுங்காகக் கடக்கும், வயரும் தப்பும்.

அரைத்த குரக்கன் மோல்டையும் தண்ணீரையும் குக்கரில் விட்டு, 66 என்று வைத்து, மூடினேன். எண்கள் அழகாக ஏறி 66இல் நின்றன. ரிலே டிக் என்று வெட்டியது. எண் 67, 68 என்று ஏறிக்கொண்டே போய் 71இல் நின்று, பிறகு மெல்ல இறங்கி, 65.5இல் மறுபடி டிக். இப்படியே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் நின்றாலும் குக்கரின் அடித்தட்டு நிற்பதில்லை. தடித்த அலுமினியம், நூறு பாகைக்கு மேல் சூடேறி நிற்கிறது, தன்னிடம் இருப்பதைப் பானைக்குள் கொடுத்துவிட்டுத்தான் ஓயும்.

உண்மையான சிக்கல் அதுகூட இல்லை. ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்றில் டி.எஸ். 18பி20 வெப்பச் சென்சர் மூன்றைக் கட்டி, ஒன்றை அடியில், ஒன்றை நடுவில், ஒன்றை மேலே வைத்துப் பதிவெடுத்தேன். மூன்றையும் ஒரே வயரில் கோக்கலாம், 4.7 கிலோ ஓம் தடையி ஒன்று போதும், ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருக்கிறது. அரைப் பாகைக்குள் சரியாகச் சொல்லும் சென்சர் அது. கட்டுப்பாட்டுப் பெட்டி 66 என்று காட்டிய நேரத்தில் அடி 76, நடு 66, மேல் 60. அதாவது அடியில் பீற்றா அமிலேசு செத்துக்கொண்டிருக்கிறது, மேலே மாப்பொருள் இன்னும் வேகவே தொடங்கவில்லை, நடுவில் சென்சர் இருக்கும் அந்த ஒரு விரல் அகலத்தில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது. வெறும் தண்ணீரில் இப்படி வராது, சூடான தண்ணீர் தானே மேலெழுந்து கலந்துவிடும். மாக்கூழ் தடிப்பு, அது அசையாது. அகப்பையால் நன்றாக ஒரு தடவை கிளறினால் மூன்று எண்ணும் ஒன்றாகி, விட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி பிரிந்துவிடும்.

அந்தப் பதிவைப் பார்த்த பிறகு எனக்கு விலைகூடிய கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஆசை விட்டுப்போனது. பி.ஐ.டி. என்று சொல்லப்படும் வகை, முன்கூட்டியே கரண்டைக் குறைத்து, 66ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். அது சென்சர் இருக்கும் இடத்துக்கு மட்டும்தான். பானைக்குள் பத்துப் பதினைந்து பாகை வித்தியாசம் இருக்கும்போது, ஒரு புள்ளியைக் கால் பாகைக்குள் பிடித்து என்ன பயன்? வெளிநாட்டில் வடிப்பவர்கள் இதற்குத்தான் பம்ப் வைத்துச் சாற்றைச் சுற்றவிடுகிறார்கள். அந்தச் சூட்டைத் தாங்கும் உணவுத் தர பம்ப் வேண்டும், மீன் தொட்டிப் பம்ப் 66 பாகையில் நிலைக்காது. அதோடு பார்லிக்கு உமி இருக்கிறது, அது பானையின் அடியில் படுக்கையாகி வடியைப் போல வேலை செய்யும், சாறு ஓடும். குரக்கனுக்கு அப்படி உமி இல்லை. பம்ப் வைத்தால் குழாய் அடைத்துக்கொண்டு நிற்கும்.

சூடாக்குவதே அடுக்குகளை உண்டாக்குகிறது என்றால், அந்த ஒரு மணி நேரம் சூடாக்காமலே விட்டால் என்ன? தொடக்கத்திலேயே சரியான வெப்பநிலைக்கு வரச் செய்து, இறங்காமல் மூடி வைப்பது. இதுவும் புதிதில்லை, குளிர்ப்பெட்டிக்குள் மாஷ் வைப்பது உலகம் முழுக்க வீட்டில் வடிப்பவர்களின் பழைய வழி. கொழும்பில் அதற்கு ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) மீன் பெட்டி இருக்கிறது. மீன் மணம் இல்லாத புதுப் பெட்டி ஒன்று, 8 லீற்றர் பானை உள்ளே போகிற அளவு, சுற்றிலும் பழைய துவாய். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் நின்ற காலத்தை நினைத்தால், கரண்ட் கேட்காத எந்த முறையிலும் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

ஏறத்தாழ ஏழு லீற்றர் கூழை 66இல் வைத்து மூடினால் ஒரு மணி நேரத்தில் 63 அளவுக்கு இறங்குகிறது. குக்கரின் 60க்கும் 76க்கும் முன்னால் இது எவ்வளவோ மேல். முக்கியமாக, அடியும் மேலும் ஒரு பாகைக்குள் சேர்ந்து இறங்குகின்றன. வெக்கையும் இங்கே நம் பக்கம். வெளியே 20 பாகை உள்ள ஊரில் பானைக்கும் காற்றுக்கும் 46 பாகை வித்தியாசம், இங்கே 36தான், அந்த அளவுக்கு இழப்பும் குறைவு.

இந்த முறையில் எல்லாம் தொடக்கத் தண்ணீரின் சூட்டில் தங்கியிருக்கிறது. தானியம் குளிராக இருக்கும், தண்ணீரைக் கொஞ்சம் கூடச் சூடாக்கி ஊற்றினால் கலந்து 66க்கு வரும். கணக்கு இது: ஒரு கிலோ தானியத்துக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் என்று எடுத்து, 0.41ஐ அதால் வகுத்து, தானியத்தின் வெப்பநிலைக்கும் வேண்டிய வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, வேண்டிய வெப்பநிலையோடு கூட்டவேண்டும். 0.41 என்பது, தானியத்துக்குத் தண்ணீரோடு ஒப்பிட்டால் ஐந்தில் இரண்டு பங்கு வெப்பக் கொள்ளளவுதான் இருக்கிறது என்பதன் கணக்கு. கிலோவுக்கு 3 லீற்றர், தானியம் 30 பாகை, வேண்டியது 66 என்றால் தண்ணீர் 70.9. குளிர் நாட்டுப் புத்தகம் தானியத்தை 20 என்று எடுத்து 72.3 சொல்லும். அந்த எண்ணை இங்கே கண்ணை மூடிக்கொண்டு போட்டால் கலவை ஒரு பாகைக்கு மேல் கூடி நிற்கும். பானையையும் முதலில் சுடுதண்ணீர் விட்டுச் சூடாக்கிக்கொள்ளவேண்டும், எவர்சில்வரும் தன் பங்குக்கு வெப்பத்தை எடுக்கும்.

எல்லாம் சரி, 66இல் தொடங்கி ஒரு மணி நேரம் பெரிதாகப் பிசகாமல் இருந்தது. ஆனால் சாறு இனிக்கவில்லை. இனிப்பு இருந்தது, இவ்வளவு தானியத்துக்கு அது போதாது. ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, பாமசியில் புண்ணுக்கு விற்கும் பொவிடோன் அயடீனைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு விட்டால் உடனே கருநீலம். மாப்பொருள் அப்படியே இருக்கிறது. (சோதித்த சொட்டைப் பானைக்குள் திரும்ப விடவேண்டாம்.) இன்னொரு மணி நேரம் விட்டாலும் நீலம் போகவில்லை.

இங்கேதான் பார்லிக் கணக்கும் குரக்கனும் பிரிகின்றன. நொதியம் மாப்பொருளை வெட்டவேண்டுமென்றால் முதலில் அது தண்ணீரில் வீங்கி வெடித்துக் கூழாகவேண்டும். பார்லியின் மாப்பொருள் பெரும்பாலும் 60 பாகையை ஒட்டியே கூழாகிவிடும். பீற்றா அமிலேசு உயிரோடு இருக்கும் சூடும் அதுதான், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். பியருக்குப் பார்லி இவ்வளவு பொருந்தி வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். குரக்கன், சோளம் (இறுங்கு), அரிசி போன்ற வெப்ப நாட்டுத் தானியங்களுக்கு இன்னும் மேலே போகவேண்டும், பல வகைகளில் 70 பாகையை நெருங்கியோ தாண்டியோ. அதாவது, மாப்பொருள் வேகிற நேரத்துக்கு வெட்டவேண்டிய ஆள் செத்துவிடுகிறான். 66இல் எவ்வளவு துல்லியமாகப் பிடித்தாலும் தீராத சிக்கல் இது.

தீர்வு சோளத்தில் பியர் வடிப்பவர்களிடம் இருந்தது: நொதியத்தை முதலில் வெளியே எடுத்துவிடுவது. அமிலேசுகள் தண்ணீரில் கரைபவை. 1.5 கிலோ மோல்ட் மாவை 6 லீற்றர் தண்ணீரில், 45 பாகையில் அரை மணி நேரம் கலக்கி விட்டால் நொதியங்கள் தண்ணீருக்கு வந்துவிடும். அந்தச் சூட்டில் மாப்பொருள் வேகாது, ஆகவே மாவு அடியில் படியும், மேலே கலங்கிய மண்ணிறத் தண்ணீர் நிற்கும். அதிலிருந்து 3 லீற்றரை மெதுவாக அகப்பையால் மொண்டு வேறு பானையில் எடுத்து வைக்கவேண்டும். தோற்றத்தில் அரிசி கழுவிய தண்ணீரைவிட மேலானதில்லை, ஆனால் சரக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. தவறிக் கொட்டிவிடக் கூடாத தண்ணீர். மீதி 4 லீற்றர் மாக்கூழை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடலாம். அதில் எஞ்சிய நொதியம் சாகும், பரவாயில்லை. மாப்பொருள் முழுக்க வெந்துவிடும்.

இனி வெந்த கூழையும், தெளிவு என்று நான் சொல்லும் அந்த எடுத்து வைத்த மேல்தண்ணீரையும் சேர்த்து 66க்கு வரவேண்டும். தெளிவு அந்த நேரத்துக்கு 42 பாகையில் இருக்கும். நான்கு லீற்றர் கூழ், மூன்று லீற்றர் தெளிவு, இரண்டையும் வெறும் தண்ணீர் என்று எடுத்தால் கூழ் 84க்கு ஆறும்போது சேர்க்கவேண்டும். கூழ் தண்ணீரில்லை, அதில் மூன்றில் ஒரு பங்கு தானியம், அது குறைவான வெப்பத்தையே வைத்திருக்கிறது. தெளிவு இருக்கும் பானையும் கொஞ்சம் எடுக்கும். 87, 88இல் சேர்த்தால் எனக்கு 66 கிடைக்கிறது. கூழை நன்றாகக் கிளறிவிட்டு அளக்கவேண்டும், ஓரமும் நடுவும் இங்கேயும் ஏமாற்றும்.

எதை எதற்குள் ஊற்றுவது என்பதில் கவனமாக இருங்கள். தெளிவைக் கூழுக்குள் ஊற்றினால் முதலில் விழும் பங்கு 88 பாகைக்குள் விழுகிறது, அந்த நொதியம் அங்கேயே முடிந்தது. கூழைத்தான் தெளிவுக்குள் ஊற்றவேண்டும், ஒவ்வொரு அகப்பையாக, கிளறிக்கொண்டே. அப்போது வெப்பநிலை 42இலிருந்து மெல்ல மேலே ஏறும், 66ஐத் தாண்டாது. கடைசி இரண்டு மூன்று அகப்பையை வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு ஊற்றி, 66 வந்ததும் நிறுத்திவிடலாம். மீதிக் கூழ் இருந்தால் ஆறட்டும், கொஞ்சம் பிந்திச் சேர்க்கலாம்.

ஊற்றும்போது நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தடித்த கூழ் அகப்பையிலிருந்து கட்டியாக, தொப்பென்று விழும். பானைக்குள் போய் இரண்டு மூன்று நிமிடம் கிளறுவதற்குள் அந்தக் கட்டி உருக்குலைந்து போகும். அகப்பையைத் தூக்கிச் சரித்தால் முதலில் துண்டு துண்டாக விழுந்தது இப்போது நூலாக ஒழுகும். இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீராக ஓடும், அகப்பையின் முதுகு தெரியும். கைக்கு வந்த பாரம் திடீரென்று குறையும். அது அல்பா அமிலேசின் வேலை. நிறமும் மாறும், சாம்பல் கலந்த மண்ணிறம் மினுங்கும் செம்மண்ணிறமாகும். அந்த நேரத்தில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் இனிப்பு இன்னும் அவ்வளவு தெரியாது. இளகுவது முதலில், இனிப்பு பிறகுதான் வரும்.

பிறகு பானையை மூடி ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து ஒன்றரை மணி நேரம் மறந்துவிடலாம். அயடீன் இப்போது நீலம் காட்டுவதில்லை, தன் மஞ்சள் நிறத்திலேயே நிற்கிறது.

ஐரோப்பாவில் வெப்பமானி வருவதற்கு முன்னால் வடித்தவர்களும் இப்படியொன்றைச் செய்திருக்கிறார்கள். மாஷில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்பச் சேர்ப்பது, அதுவே இரண்டு மூன்று தரம். அளக்கக் கருவி இல்லாவிட்டாலும், கொதிப்பது எப்போதும் ஒரே சூட்டில்தான் கொதிக்கும், பங்கு ஒன்றாக இருந்தால் முடிவும் ஒன்றாக இருக்கும். என் அடுப்படியிலும் கடைசியில் வெப்பநிலையைப் பிடித்துத் தந்தது அளவுதான். 4 லீற்றர், 3 லீற்றர் என்பதில் கவனமாக இருந்தால் வெப்பமானி பார்ப்பது வெறும் உறுதிப்படுத்தல்.

கட்டுப்பாட்டுப் பெட்டி சும்மா இருக்கவில்லை. முளைவிட்ட குரக்கனை உலர்த்துவதுதான் கொழும்பில் கரைச்சல். காற்றில் ஈரம், பின்னேரமானால் மழை, பல்கனியில் பரப்பியது காய்வதற்குள் புளித்த மணம் வந்துவிடும். 50 பாகைக்கு மேல் ஈரமாக உலர்த்தினால் நொதியம் கெடும். ஒரு பலகைப் பெட்டி, அடியில் 60 வாற்று இழை பல்ப், மேலே கம்பி வலைத் தட்டு, பக்கத்தில் பழைய கணினியின் சிறிய காற்றாடி. கட்டுப்பாட்டை 45இல் வைத்தால் ஒரு நாளில் சருகாகக் காய்கிறது. காற்று தானே கலந்துகொள்ளும், கூழ்மாதிரி இல்லை, அதனால் இங்கே ஒரு சென்சர் போதும். ஆக, கடைக்கார நானா சொன்ன முட்டைப் பெட்டிக்குக் கிட்டத்தட்ட வந்துதான் நிற்கிறேன்.

காய்ந்ததைக் கையால் உரசி வேரை உதிர்த்துப் புடைத்துவிட்டு மில்லுக்குக் கொடுக்கலாம். பிட்டு மாவு அளவுக்கு நைசாக வேண்டாம், குறுணலாகக் கேளுங்கள். நைசாக அரைத்தால் வடிப்பது நரகம். அப்படியும் சும்மா வடியாது, மெல்லிய பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, கடைசியில் முறுக்கிப் பிழியவேண்டும். மில்லில் ஒரு பிடி சுத்தமான நெல்லுமி கேட்டு வாங்கிக் கழுவிச் சேர்த்தால் கொஞ்சம் விரைவாக வடிகிறது. சக்கையைத் தேங்காய்ப்பூ சேர்த்து ரொட்டிக்குப் பிசையலாம், உமி போட்டிருந்தால் வேண்டாம்.

வடித்த சாற்றை வைத்துக்கொண்டு யோசிக்கக்கூடாது. இங்குள்ள சூட்டில் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும், நேரே அடுப்பில் ஏற்றிவிடவேண்டும். முதலில் நுரை பொங்கும், பானையில் பாதிக்கு மேல் நிரப்பவேண்டாம். வற்ற வற்றத் தீயைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். 104 பாகையில் எடுத்தால் ஆறிய பிறகு கித்துள் பாணியின் பதம். அதற்கு முன்னால் எடுத்துப் போத்தலில் அடைத்தால் காற்றில் இருக்கும் ஈஸ்ட் தன் வேலையைத் தொடங்கும், மூடி தெறிக்கும்.

1.5 கிலோ மோல்டுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பாணி வருகிறது. நேரே 66இல் ஊறவைத்தபோது இதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

கூழ் காய்ச்சும்போது அடிப்பிடிப்பது மட்டும் தொந்தரவாக இருந்தது. பஞ்சிகாவத்தையில் கழற்றிய வாகன உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் வைப்பர் மோட்டர் வாங்கி, 12 வோல்ற்றில் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பானையின் அடியை வழிக்கிற மாதிரி எவர்சில்வர் துடுப்பு ஒன்றைக் கட்டியிருக்கிறேன். இழுவை அதற்குத் தாராளமாக இருக்கிறது, தடித்த கூழிலும் நிற்பதில்லை. ஆவி நேரே மோட்டருக்குப் போகாமல் இடையில் தகரத்தட்டு ஒன்று வைக்கவேண்டியிருந்தது. ஆர்வத்துக்காக இந்தத் துடுப்போடு பழைய குக்கரிலும் ஒரு தடவை மாஷ் வைத்துப் பார்த்தேன். அதே எஸ்.டி.சி. 1000, அதே 66. அடிக்கும் மேலுக்கும் ஒன்றரைப் பாகைதான் வித்தியாசம். கரண்ட் இருக்கும் நாளில் அதுவும் நல்ல வழியே.

இப்போது வேண்டுமென்றே 62இல் ஒன்றும் 71இல் ஒன்றும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்க்கலாம். பார்லி அளவுக்கு வித்தியாசம் வருவதில்லை, குரக்கனில் பீற்றா அமிலேசு குறைவு. ஆனாலும் தெரிகிறது. 62இல் செய்தது ஓடுகிற மாதிரி, இனிப்பு நேராக நிற்கும், குரக்கனின் இலேசான துவர்ப்பு பின்னால் வரும். 71இல் செய்தது கரண்டியில் ஒட்டிக்கொள்ளும், இனிப்பு மட்டு, வாயில் தங்கும். அம்மா முதலாவதைத் தயிருக்கு எடுத்துக்கொண்டார். பாணுக்கு இரண்டாவதுதான் சரி, அது ஓட்டைக்குள் இறங்காது.